துனிசியா: வீட்டுக்குள் வந்த சட்டமும் வாசலில் நின்ற சாசனமும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "1956-லேயே பலதார மணத்தைத் தடை செய்த முஸ்லிம் நாடு துனிசியா. அரபு வசந்தம் கிளம்பியதும் அங்கேதான், ஜனநாயகம் கொஞ்ச காலமாவது தங்கியதும் அங்கேதான். அப்புறம் ஏன் மறுபடி ஒற்றை ஆள் ஆட்சிக்குப் போனது? கடைசியில் மதம்தான் தடையா?"

மதம் தடை என்று நான் நினைக்கவில்லை. துனிசியாவில் ஜனநாயகத்தை முடித்துவைத்தவர் மௌலவியும் இல்லை, தளபதியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் சாசனச் சட்டம் நடத்திய ஒரு விரிவுரையாளர், பின்னாளில் அதிபரான கைஸ் சயீத். ஆனால் கேள்விக்குள் இரண்டு தனிக் கதைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று 1956-ன் குடும்பச் சட்டம், இன்னொன்று 2014-ன் அரசியல் சாசனம். முதலாவது ஒரு சர்வாதிகாரி மேலிருந்து கொடுத்தது, அது நிலைத்துவிட்டது. இரண்டாவது மக்கள் ரத்தம் சிந்திப் பெற்றது, ஏழரை ஆண்டில் போய்விட்டது. பொதுவாக நாம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறாக அல்லவா? துனிசியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்திருப்பது இந்த முடிச்சுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரான்ஸிடமிருந்து துனிசியா விடுதலை பெற்றது 1956 மார்ச் 20. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 13 அன்று குடும்பச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதன் 18-ஆம் பிரிவு பலதார மணத்தைத் தடை செய்தது. மீறினால் ஓராண்டு சிறை, 2,40,000 பிராங்க் அபராதம். கணவன் வாயால் சொல்லும் தலாக் செல்லாது, மணவிலக்கு நீதிமன்றத்தில் மட்டுமே. பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிகாஹ் இல்லை.

இந்தச் சட்டம் ஒரு சாதாரணக் குடும்பத்தில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மணவிலக்குக்கு மூன்று வழிகள் உண்டு: இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவது, ஒருவர் இழைத்த தீங்கைக் காட்டிப் பிரிவது, காரணமே சொல்லாமல் ஒருவர் தன் விருப்பத்தில் பிரிவது. இந்த மூன்றாவது வழி கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கிறது. கேட்பவர் மற்றவருக்கு இழப்பீடு தர வேண்டும், அவ்வளவுதான். சிறு பிள்ளைகள் இருந்தால் நீதிபதி இருவரையும் தன் அறைக்கு மூன்று தடவை அழைத்துப் பேசுவார், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே குறைந்தது 30 நாள். அந்த அறையில் அந்தப் பெண் உட்கார்ந்து தன் தரப்பைத் தானே சொல்கிறாள். ஜீவனாம்சம் தராமல் கணவன் இழுத்தடித்தால் அரசு நிதியிலிருந்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவனிடம் வசூலிக்கும் ஏற்பாடு 1993-ல் வந்தது. சட்டம் என்ற சொல்லையே பிடிக்காத ஒரு பாட்டிக்குக்கூட, தன் பேத்தியின் கையில் இருக்கும் இந்த உரிமை என்னவென்று தெரியும்.

வாரிசுரிமையில், இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த, பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான பூர்கிபாவும் கை வைக்கவில்லை, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்பது அப்படியே இருந்தது. ஆனாலும் 1959-ல் ஓர் ஓரத்தில் திறந்தார்கள்: ஆண் பிள்ளை இல்லாத வீட்டில், பெண்மக்களின் பங்கு போக மீதிச் சொத்து அப்பாவின் சகோதரர்களுக்குப் போகாமல் அந்தப் பெண்மக்களுக்கே திரும்பும். பெரியப்பாவும் சித்தப்பாவும் பங்கு கேட்டு வந்து நின்ற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் செய்த ஹபீப் பூர்கிபாவை மதத்தை எதிர்த்த மேற்கத்திய மனிதர் என்றே பலரும் எழுதுகிறார்கள். அது பாதிதான் உண்மை. 1929-ல் ஹபீபா மன்ஷாரி என்ற பெண் ஒரு கூட்டத்தில் முகத்திரைக்கு எதிராகப் பேசியபோது, அவரை மறுத்து எழுதிய இளம் வழக்கறிஞர் இதே பூர்கிபா. பிரெஞ்சுக்காரன் ஆளும்போது நம் அடையாளத்தை நாமே கழற்றக் கூடாது என்பது அவர் வாதம். விடுதலைக்குப் பிறகு அவரே தெருவில் நின்ற பெண்களின் வெள்ளைத் துணியைத் தன் கையால் விலக்கினார், அந்தப் படங்கள் இன்றும் சுற்றுகின்றன. அடையாளம் காக்க வேண்டிய இடத்தில் காத்தார், ஆட்சி கைக்கு வந்ததும் மாற்றினார். அந்தப் பெண்களிடம் இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை.

சட்டத்துக்கான வாதம் வெளியிலிருந்து வந்ததும் இல்லை. துனிஸ் நகரின் ஸைத்தூனா பள்ளிவாசல் கல்விக்கூடம் பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. அங்கே படித்த தாஹிர் ஹத்தாத் 1930-லேயே ஷரீஅத்திலும் சமூகத்திலும் பெண்ணின் நிலை பற்றி ஒரு நூல் எழுதினார். மார்க்கத்தின் நோக்கம் நீதி, காலம் மாறும்போது சட்டம் அந்த நோக்கத்தை நோக்கி நகர வேண்டும் என்றார். சக ஆலிம்களே அவரைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். 1935-ல் இளம் வயதிலேயே, கிட்டத்தட்ட யாரும் இல்லாமல் இறந்துபோனார். அவர் வாதங்களில் பலவற்றை 1956-ல் அரசு எடுத்துக்கொண்டது. மனைவியர் இடையே நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தி போதும் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. எவ்வளவு விரும்பினாலும் உங்களால் நீதியாக நடக்க முடியாது என்று அதே அத்தியாயம் பின்னால் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் முடிவு ஒன்றுதான் என்பது அரசின் விளக்கம். இஜ்திஹாத், அதாவது மூலங்களிலிருந்து புதிதாக ஆய்ந்து முடிவெடுப்பது, என்ற பெயரில்தான் அது வந்தது.

எதிர்ப்பு ஏன் பெரிதாகவில்லை என்பதற்கு அரசியல் காரணம் ஒன்று உண்டு, நம்மூர் எழுத்துகளில் அதிகம் பேசப்படாதது. பூர்கிபாவுக்குச் சம பலம் கொண்ட போட்டியாளர் ஸாலிஹ் பென் யூசுஃப். ஸைத்தூனா வட்டாரத்தின் ஆதரவு பெரும்பாலும் அவருக்குத்தான். 1956 ஜனவரியில் அவர் நாட்டை விட்டுத் தப்பினார், 1961-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆட்கள் ஒடுக்கப்பட்டார்கள். பள்ளிவாசல்களுக்கும் ஆலிம்களுக்கும் சோறு போட்ட வக்ஃபு நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது, ஷரீஅத் நீதிமன்றங்களைக் கலைத்துப் பொது நீதிமன்றங்களோடு சேர்த்தது. மறுப்புச் சொல்லக்கூடியவர்களின் காலடி நிலம் அதற்குள் போயிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956 மார்ச்சிலேயே அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்திருந்தது, ஆண்கள் மட்டும் வாக்களித்த தேர்தல். குடும்பச் சட்டம் அந்தச் சபைக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்குப் பெயரளவில் ஆண்ட, 'பே' என்ற பட்டம் கொண்ட மன்னரின் முத்திரையோடு ஆணையாக வெளிவந்தது.

இந்தியாவில் 2017-ல் முத்தலாக் வழக்கு நடந்தபோது துனிசியாவின் பெயர் நிறைய அடிபட்டது. "முஸ்லிம் நாடே செய்துவிட்டது, நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்" என்ற தொனியில் பலர் கேட்டார்கள். பெரும்பான்மைச் சமூகம் தன் சட்டத்தைத் தானே திருத்துவதும், சிறுபான்மையின் சட்டத்தை வேறொருவர் திருத்த வருவதும் ஒன்றல்ல. அந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு நியாயமானது ஆகாது. அதே நேரம் இலங்கையில் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களுக்கு, இது மார்க்கத்துக்கு வெளியே இல்லை என்று காட்டத் துனிசியா உண்மையிலேயே உதவும் உதாரணம். யார் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதே உதாரணத்தின் பொருள் மாறிவிடுகிறது.

சரி, சட்டம் நல்லது. ஆனால் சட்டம் தந்த கைதான் சிறைக் கதவையும் பூட்டியது. 1960-ல் பூர்கிபா, வறுமையோடு நடக்கும் போர் ஒரு ஜிஹாத், அதற்காக ரமலான் நோன்பை விடலாம் என்று மக்களிடம் சொன்னார். ஸைத்தூனாவின் பெரும் ஆலிம் தாஹிர் பின் ஆஷூர் அதற்கு மார்க்க ஒப்புதல் தர மறுத்துவிட்டார். குர்ஆனுக்குப் பெரிய விரிவுரை எழுதிய, சீர்திருத்த மனம் கொண்ட மனிதர் அவர். பலதார மணத் தடையோடு பெரும்பாலான குடும்பங்கள் ஒத்துப்போயின. நோன்பை விடச் சொன்னதை மக்கள் காதிலேயே வாங்கவில்லை. ஒரு சமூகம் மேலிருந்து வருவதில் எதை ஏற்கும், எதைத் தள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. 1981-ல் பள்ளிகளிலும் அரசு நிறுவனங்களிலும் ஹிஜாபுக்குத் தடை வந்தது. 1987 நவம்பர் 7 அன்று, அதிபருக்கு மூப்பினால் ஆள முடியவில்லை என்று மருத்துவர்களிடம் சான்று வாங்கிப் பூர்கிபாவை இறக்கித் தானே அதிபரான பிரதமர் பென் அலி, பெண்ணுரிமையை வெளிநாட்டுக்குக் காட்டும் முகப்பாக ஆக்கினார். முகப்புக்குப் பின்னால் அந்நஹ்தா என்ற இஸ்லாமிய அரசியல் இயக்கத்தினர் ஆயிரக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அவர்களுடைய மனைவியரும் அம்மாக்களும் காவல் நிலையங்களுக்கு நடையாய் நடந்தார்கள். அந்தப் பெண்களுக்கு உரிமை என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

நாட்டுக்குள்ளும் இரண்டு நாடு இருந்தது. பூர்கிபா மொனஸ்தீர் ஊர்க்காரர், பென் அலி சூஸ் பக்கம். இரண்டும் கிழக்குக் கரை. தொழிற்சாலை, ஹோட்டல், துறைமுகம், நல்ல மருத்துவமனை எல்லாம் கரையோரம். உள்நாட்டில் காஃப்ஸாவின் பாஸ்பேட் சுரங்கம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது, அங்குள்ள இளைஞனுக்கு வேலை தரவில்லை. 2008-ல் ரெதீஃப் என்ற சுரங்க ஊரில் ஆள் எடுப்பில் மோசடி என்று வெடித்த போராட்டம் மாதக் கணக்கில் நடந்தது. உலகம் கவனிக்கவில்லை. 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூஸிதில் தள்ளுவண்டியில் பழம் விற்ற 26 வயது முகம்மது புவஸீஸியின் தராசை நகராட்சி ஆட்கள் பறித்தார்கள். திருப்பிக் கேட்கப் போனவரை யாரும் சந்திக்கவில்லை. அரசு அலுவலகத்தின் முன்னால் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4 அன்று இறந்தார், 14 அன்று பென் அலி சவூதிக்கு விமானம் ஏறினார். தராசு இல்லாத வியாபாரி அன்றைக்கு வெறும் கையோடு வீட்டுக்குப் போக வேண்டியவன். எல்லாம் தொடங்கியது அந்தச் சின்னப் பொருளிலிருந்து.

2011 அக்டோபரில், புதிய சாசனம் எழுதும் சபைக்கு, முதல் சுதந்திரமான தேர்தல். 217 இடங்களில் அந்நஹ்தாவுக்கு 89. வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி வர வேண்டும் என்று விதி இருந்ததால், சபைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் அந்நஹ்தாவின் பெண்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் சாசன வரைவின் ஒரு பிரிவு வெளியே வந்தது. பெண் என்பவள் குடும்பத்தில் ஆணை நிறைவு செய்பவள் என்ற பொருளில் ஒரு சொல். சமம் என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. 13-ஆம் தேதி, குடும்பச் சட்டத்தின் ஆண்டு நாளில், துனிஸ் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். ஹிஜாப் அணிந்தவர், அணியாதவர், பாட்டி, பேத்தி என்று எல்லோரும். பூர்கிபா ஆணையாகக் கொடுத்ததை அன்றைக்கு அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். அந்தச் சொல் போனது. இறுதிச் சாசனத்தின் 21-ஆம் பிரிவு ஆண், பெண் குடிமக்கள் சமம் என்று எழுதியது.

2013-ல் ஷுக்ரி பெல்ஈத், முகம்மது பராஹ்மி என்ற இரண்டு இடதுசாரித் தலைவர்கள் ஆறு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே கோடையில் எகிப்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. துனிசியாவும் அந்த வழிதான் என்று பலர் எழுதிவைத்தார்கள். காப்பாற்றியது தொழிற்சங்கம். 1946-லிருந்து இருக்கும் தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும், முதலாளிகள் சங்கமும், மனித உரிமைக் கழகமும், வழக்கறிஞர் சங்கமும் சேர்ந்து கட்சிகளைப் பேச்சு மேசையில் உட்காரவைத்தன. தேர்தலில் வென்ற அந்நஹ்தா ஆட்சியை விட்டு இறங்கியது. 2014 ஜனவரி 26 இரவு சாசனம் 200 வாக்கோடு நிறைவேறியது, எதிர்ப்பு 12. அதன் 6-ஆம் பிரிவு ஒரே மூச்சில் மனசாட்சி சுதந்திரத்தையும் மதத்தின் பாதுகாப்பையும் உறுதிசெய்து, ஒருவரைக் காஃபிர் என்று முத்திரை குத்துவதையும் தடை செய்தது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இஸ்லாமிய இயக்கமும் மதச்சார்பற்றவர்களும் ஒரே பிரிவுக்குள் தங்கள் பயங்களை எழுதி ஒத்துக்கொண்ட இடம் அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். அரசியல் சாசன நீதிமன்றத்தை ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும் என்று சாசனமே சொல்லியிருந்தது. 12 நீதிபதிகள். நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டியது நால்வரை, மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு. நீ சொல்லும் ஆள் எனக்கு ஆகாது, நான் சொல்லும் ஆள் உனக்கு ஆகாது என்று ஏழு ஆண்டில் ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதில் அந்நஹ்தாவுக்கும் பங்கு உண்டு, எதிர்த் தரப்புக்கும் பங்கு உண்டு. 2017-ல், பழைய ஆட்சியின் ஊழலில் சிக்கிய அதிகாரிகளுக்கு மன்னிப்புத் தரும் சட்டத்தை இரு தரப்பும் சேர்ந்தே நிறைவேற்றின. "நான் மன்னிக்கவில்லை" என்று பெயர் வைத்துக்கொண்டு இளைஞர்கள் தெருவில் நின்றார்கள், கேட்க ஆள் இல்லை. அமைச்சரவைகள் வந்து வந்து போயின. சிதி பூஸிதில் வேலை வரவில்லை, தராசைப் பறிக்கும் கை மாறவில்லை. 2021 ஜூலையில் கொரோனா அந்தச் சிறு நாட்டில் ஒரு நாளில் 200 பேருக்கு மேல் கொன்றது, மருத்துவமனைகளில் ஆக்ஸிஜன் தட்டுப்பாடு. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அடித்துக்கொள்வதைத் தொலைக்காட்சி காட்டியது.

ஜூலை 25 இரவு அதிபர் கைஸ் சயீத் பிரதமரை நீக்கி, நாடாளுமன்றத்தை முடக்கினார். சாசனத்தின் 80-ஆம் பிரிவைக் காட்டினார். அந்தப் பிரிவு, நெருக்கடியிலும் நாடாளுமன்றம் தொடர்ந்து கூடியிருக்க வேண்டும் என்கிறது. இது செல்லுமா என்று போய்க் கேட்க நீதிமன்றமே கிடையாது. விடிகாலையில் அவைத் தலைவரும் அந்நஹ்தாவின் தலைவருமான கன்னூஷியும் துணைத் தலைவர் சமீரா ஷவாஷியும் வந்து பார்த்தால், வாயிற்கதவு பூட்டப்பட்டு, உள்ளே ராணுவம். சாசனத்தைக் காப்பதாக நாங்கள் உறுதிமொழி எடுத்திருக்கிறோம் என்று கதவுக்கு வெளியே இருந்து சமீரா சொன்னார். நாட்டைக் காப்பதாக நாங்களும் எடுத்திருக்கிறோம் என்பதுபோல உள்ளேயிருந்து பதில் வந்தது. கன்னூஷி காருக்குள் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். கதவுக்கு வெளியே சில நூறு பேர் இருந்திருப்பார்கள். முந்தைய இரவு அதிபரின் அறிவிப்பைக் கொண்டாடி ஊரடங்கையும் மீறித் தெருவுக்கு வந்த கூட்டம் அதைவிடப் பல மடங்கு.

2012 ஆகஸ்டையும் 2021 ஜூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடும்பச் சட்டம் அறுபது ஆண்டுகளாக ஒவ்வொரு வீட்டிலும் புழங்கியது. அதைத் தொட்டதும் தெரு நிறைந்தது. சாசனம் அச்சிட்ட பக்கங்களில் அருமையாக இருந்தது, ஆனால் ரொட்டி விலையிலோ காவல் நிலையத்திலோ பிள்ளையின் வேலையிலோ அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதைப் பறித்தபோது தங்கள் வீட்டில் ஏதோ போனதாகப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

மதம், மதச்சார்பின்மை என்ற கோட்டை வைத்துச் சயீதை அளக்கவும் முடியாது. சொத்தில் சம பங்கு தரும் சட்டத்தை, புஷ்ரா பெல்ஹாஜ் ஹமீதா தலைமையிலான குழுவின் 2018 அறிக்கையை ஒட்டி, அப்போதைய அதிபர் எஸ்ஸெப்ஸி முன்வைத்தார், அமைச்சரவை ஏற்றது. 2019-ல் அவர் இறந்தார், சட்டமும் கிடப்பில் விழுந்தது. சயீத் அதைக் குர்ஆன் தெளிவாகச் சொன்ன விஷயம் என்று சொல்லி எதிர்த்தார். அதே மனிதர்தான் அரபுலகின் முதல் பெண் பிரதமராக நஜ்லா பூதனை நியமித்தார், அதிகாரத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவரது 2022 சாசனத்தின் முதல் பிரிவில் இஸ்லாம் என்ற சொல்லே இல்லை. ஐந்தாம் பிரிவில் இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கு மட்டுமே என்று இருக்கிறது. வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். ஆண், பெண் மாற்றி வரும் பட்டியல் முறையையும் எடுத்துவிட்டார். கன்னூஷி 2023 ஏப்ரலிலிருந்து சிறையில். அவரைக் கடுமையாக எதிர்த்த, பழைய ஆட்சியின் ஆதரவாளரான அபீர் மூஸியும் அதே ஆண்டு அக்டோபரிலிருந்து சிறையில். புஷ்ரா நாட்டுக்கு வெளியே; 2025-ல் ஒரு பெரிய சதி வழக்கில் அவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை விதித்தார்கள்.

2024 மே மாதம் சோனியா தஹ்மானி என்ற வழக்கறிஞர் தொலைக்காட்சியில் நாட்டின் நிலை பற்றி ஒரு குத்தல் வார்த்தை சொன்னதற்காகத் தேடப்பட்டார். வழக்கறிஞர் சங்கக் கட்டடத்தில் அடைக்கலம் புகுந்தார், நோபல் பரிசு பெற்ற அதே நான்கு அமைப்புகளில் ஒன்றின் கட்டடம். முகமூடி அணிந்த காவலர்கள் உள்ளே புகுந்து இழுத்துப் போனார்கள்.

குடும்பச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆகஸ்ட் 13 இன்னும் அரசு விடுமுறை. அண்மை ஆண்டுகளில் அந்த நாளில் துனிஸ் தெருவுக்கு வரும் பெண்கள் பிடித்திருக்கும் அட்டைகளில் சிறையில் இருக்கும் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன.